பயணத்துக்குள் வந்து விழும் மாதவிடாய்: தள்ளிப்போடவும் சமாளிக்கவும் முழுமையான வழிகாட்டி

விடுமுறைக்கு டிக்கெட் எடுத்த கையோடு நாள்காட்டியைப் புரட்டாத பெண்கள் குறைவு. விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "சரியாக அந்த நாட்களிலா வர வேண்டும்" என்று முகம் வாடுவது பலருக்கும் பழகிப்போன ஒன்று. அதற்கு அடுத்து நடப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. தெரிந்தவர் ஒருவர் தன்னிடம் மீதியிருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டுகிறார். புறப்படுவதற்கு முந்தைய நாள் அவசர அவசரமாக ஒன்றைப் போட்டுக்கொள்கிறோம். சிலருக்குப் பலிக்கிறது. சிலருக்கு நடுவழியில் ரத்தப்போக்கு தொடங்கிவிடுகிறது. அபூர்வமாக ஒருவருக்குக் காலில் ரத்தக்கட்டி வந்து உயிருக்கே ஆபத்தாகிறது.

மாதவிடாயைச் சில நாட்கள் தள்ளிப்போடுவது மருத்துவத்தில் சாதாரணமான, பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பான காரியம். ஆனால் அது பாதுகாப்பாக முடிவதும் சொதப்பலாக முடிவதும் மாத்திரையைக் கையில் எடுப்பதற்கு முந்தைய வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் அந்த வாரங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நாள் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

சுழற்சியை எண்ண வேண்டியது ரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து. நின்ற நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி எண்ணினால் கணக்கு நான்கைந்து நாள் பிசகும். வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாட்களுக்குள் அடுத்தது வந்தால் அது இயல்பு. 28 என்பது சராசரி மட்டுமே. கைப்பேசிச் செயலி காட்டும் தேதியும் உங்கள் பழைய தேதிகளின் சராசரிதான், வாக்குறுதி அல்ல.

கடைசி நான்கைந்து சுழற்சிகளின் முதல் நாட்களை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றுக்கிடையே உள்ள நாட்களை எண்ணுங்கள். அதில் எது மிகக் குறைவோ அதையே உங்கள் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியை நம்பினால் இரண்டு நாள் முன்கூட்டி வரும் மாதத்தில் ஏமாந்துபோவீர்கள்.

ஏன் இந்த நுணுக்கம் என்பதற்கு உடலின் வேலையைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். கருமுட்டை வெளியான பிறகு சுமார் இரண்டு வாரங்களுக்குப் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் கருப்பையின் உட்சுவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கரு தங்கவில்லை என்றால் அந்த ஹார்மோன் அளவு சரிகிறது, உட்சுவர் உதிர்கிறது, மாதவிடாய் தொடங்குகிறது. தள்ளிப்போடும் மாத்திரை செய்வதெல்லாம் இந்தச் சரிவை மறைப்பதுதான். வெளியிலிருந்து அதே வகை ஹார்மோன் வந்துகொண்டிருப்பதால் உட்சுவர் உதிராமல் நிற்கிறது. சரிவு தொடங்கிவிட்ட பிறகு மாத்திரையை ஆரம்பித்தால் அது நம்பும்படி வேலை செய்யாது.

"அலைச்சலில் தானாகத் தள்ளிப்போகும்" என்று சிலர் நம்பிக்கையோடு காத்திருப்பார்கள். அலைச்சல், தூக்கமின்மை, மன அழுத்தம் ஆகியவை முட்டை வெளியாவதைத் தாமதப்படுத்தக்கூடும், அதனால் மாதவிடாயும் தாமதமாகலாம். முட்டை வெளியான பிறகு எவ்வளவு அலைந்தாலும் தேதி பெரிதாக மாறாது. பயணத்துக்கு முந்தைய வாரம் என்பது பலருக்கு அந்த எல்லையைத் தாண்டிய காலம்.

தள்ளிப்போட வேண்டுமா என்று யோசியுங்கள்

தேதி பயணத்துக்குள் வருகிறது என்பதாலேயே மாத்திரை வேண்டும் என்று ஆகிவிடாது. உங்களுக்கு ரத்தப்போக்கு மிதம், வலி தாங்கக்கூடியது, போகிற இடத்தில் கழிவறையும் தண்ணீரும் உண்டு என்றால் அதை அதன் போக்கில் விட்டுவிட்டு நல்ல ஏற்பாடுகளோடு போவதையே நான் பரிந்துரைப்பேன். வயிற்று உப்புசம், மார்பகங்களில் வலி, குமட்டல், தலைவலி, எரிச்சல், திட்டுத்திட்டாக ரத்தக் கசிவு ஆகியவை மாத்திரையின் சாதாரணப் பக்க விளைவுகள். மூன்று நாள் லேசான மாதவிடாயைத் தவிர்க்கப் போய்ப் பத்து நாள் உப்புசத்தோடு சுற்றுவது லாபமான வியாபாரமாகாது.

ஆனால் முதல் இரண்டு நாட்கள் படுக்கையை விட்டு எழ முடியாத வலி, மணிக்கொருமுறை மாற்ற வேண்டிய அளவுக்குப் போக்கு, நாள் முழுவதும் கழிவறையே இல்லாத மலையேற்றம், இரவு பகலாக வண்டிப் பயணம் என்றால் தள்ளிப்போடுவது முழுக்க நியாயமான தேர்வு. அதற்காக யாரிடமும் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் மனநிலை வேண்டாம்.

"வர வேண்டிய கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும்" என்ற பயத்தையும் விட்டுவிடுங்கள். மாத்திரை எடுக்கும் நாட்களில் கருப்பைக்குள் ரத்தம் எதுவும் தேங்குவதில்லை. உதிர வேண்டிய சுவர் உதிராமல் இருக்கிறது, அவ்வளவுதான். எப்போதோ ஒருமுறை இப்படித் தள்ளிப்போடுவதால் பிறகு குழந்தை பெறும் வாய்ப்பு கெட்டுப்போவதும் இல்லை.

மருத்துவரைப் பாருங்கள், நேரம் இருக்கும்போதே

பயணத்துக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட்டால் எந்த வழியையும் நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். புதிதாகக் கருத்தடை மாத்திரையைத் தொடங்கி அதன் மூலம் தேதியை மாற்ற நினைத்தால் இரண்டு மூன்று மாதம் முன்பே போங்கள். முதல் சில மாதங்களில் இடையிடையே கசிவு வருவது சகஜம். அது பயணத்துக்கு முன்பே அடங்கட்டும்.

இந்தச் சந்திப்பை மருந்துச் சீட்டு வாங்கும் சடங்காக நினைக்காதீர்கள். தள்ளிப்போட வழக்கமாகத் தரப்படும், புரோஜெஸ்டிரான் வகையைச் சேர்ந்த நாரெதிஸ்டிரோன் மாத்திரையில் ஒரு சிறு பகுதி உடலுக்குள் எதினைல் எஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. தள்ளிப்போடுவதற்கான அளவில் எடுக்கும்போது இந்த மாற்றம் கணக்கில் கொள்ள வேண்டிய அளவுக்கு வந்துவிடுகிறது. அதனால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கூட்டு ஹார்மோன் கருத்தடை மாத்திரைக்கு உள்ளதுபோலவே இதற்கும் ரத்தக்கட்டி அபாயம் சிறிதளவு உண்டு. ஆரோக்கியமான பெண்ணுக்கு அந்த அபாயம் மிகக் குறைவு. ஏற்கெனவே வேறு காரணங்கள் இருப்பவருக்கு அது கூடுகிறது. நீண்ட நேரம் உட்கார்ந்தே போகும் பயணமும் அப்படிப்பட்ட ஒரு காரணம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆகவே மருத்துவர் கேட்காவிட்டாலும் இவற்றை நீங்களே சொல்லுங்கள்:

- உங்களுக்கோ பெற்றோர், உடன்பிறந்தோருக்கோ காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்ததுண்டா. பக்கவாதம், மாரடைப்பு வந்ததுண்டா
- ஒற்றைத் தலைவலி வருமுன் கண்ணுக்குள் மின்னல் கோடுகள் தெரிவதோ பார்வை மங்குவதோ உண்டா
- புகைப்பழக்கம், உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை
- கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய், காரணம் கண்டுபிடிக்கப்படாத ரத்தப்போக்கு
- பாலூட்டுகிறீர்களா, கருத்தரித்திருக்க வாய்ப்பு இருக்கிறதா
- காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிடாயின் போன்ற மருந்துகள் எடுக்கிறீர்களா (இவை ஹார்மோன் மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்)
- பயணம் எத்தனை மணி நேரம், எத்தனை நாள்

இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்றால் கதவு மூடிவிட்டது என்று பொருளில்லை. ரத்தக்கட்டி அபாயம் உள்ள சிலருக்கு நாரெதிஸ்டிரோனுக்குப் பதிலாக மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரான் அசிட்டேட் மாத்திரையை மருத்துவர்கள் தருவதுண்டு. அது ஈஸ்ட்ரோஜனாக மாறுவதில்லை. எது யாருக்குப் பொருந்தும் என்று எடைபோடுவது மருத்துவரின் வேலை. தோழியின் கைப்பையில் இருக்கும் அட்டைக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரியாது.

பதின்வயதுப் பெண்ணுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளே பேசட்டும். பூப்படைந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்குபடாமல் இருப்பது இயல்பு. தேதியே தெரியாதபோது எந்த நாளில் தொடங்குவது என்ற கேள்விக்கு விடை இல்லை. நீர்க்கட்டிப் பிரச்சினையால் சுழற்சி தாறுமாறாக இருப்பவர்களுக்கும், மாதவிடாய் நிற்கும் பருவத்தை நெருங்குபவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. இவர்களுக்கான திட்டத்தை மருத்துவர் தனியாகத்தான் வகுக்க வேண்டும்.

நாரெதிஸ்டிரோன் எடுக்கும் முறை

வழக்கமான மருத்துவப் பரிந்துரை இது: 5 மில்லிகிராம் மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாட்களுக்கு முன்பே தொடக்கம். எடுக்கிறவரை பொதுவாக மாதவிடாய் வராது. நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் வரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்குக் கடைசி மாதவிடாய் ஜூன் 20-இல் தொடங்கியது. சுழற்சி 26 முதல் 29 நாட்களுக்குள் மாறி மாறி வருகிறது. பயணம் ஜூலை 15 முதல் 24 வரை. குறைந்த எண்ணிக்கையான 26-ஐ எடுத்தால் அடுத்தது ஜூலை 16-இல் வரலாம். அதற்கு மூன்று நாள் முன்பு, அதாவது ஜூலை 13-இல் முதல் மாத்திரை. வீடு திரும்பும் 24 வரை எடுத்தால் 12 நாட்கள், 36 மாத்திரைகள். ஜூலை 26 அல்லது 27 வாக்கில் வீட்டில் மாதவிடாய் வரும். 24-ஆம் தேதி வண்டி தாமதமாகலாம் என்று தோன்றினால் ஒரு நாளுக்கான மாத்திரையைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இதே கணக்கை 29-ஐ வைத்துப் போட்டிருந்தால் முதல் மாத்திரை ஜூலை 16-இல் வந்திருக்கும், அது முன்கூட்டி வரும் மாதத்தில் காலம் கடந்த நாள்.

இந்தக் காரியத்துக்காக மருத்துவர்கள் பொதுவாக இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தருவதில்லை. நீண்ட பயணத்தில் எல்லா நாளையும் மூட முயலாமல், எந்தப் பகுதியில் மாதவிடாய் வந்தால் சமாளிக்க முடியும் என்று பார்த்து அதற்கேற்ப நிறுத்தும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று வேளை என்றால் ஏறக்குறைய எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. காலையில் எழுந்ததும், பிற்பகலில், படுக்கப் போகும்போது என்று பிரித்துக்கொண்டு கைப்பேசியில் மணி வைத்துவிடுங்கள். பயணத்தில் நாளின் ஒழுங்கே குலைந்துபோகும் என்பதால் நடு வேளையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மறந்தால் நினைவு வந்தவுடன் ஒன்றை எடுங்கள், அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுங்கள். ஈடுகட்ட இரண்டைச் சேர்த்து விழுங்க வேண்டாம். லேசான கசிவு வந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டாதீர்கள். நேர வித்தியாசம் உள்ள நாட்டுக்குப் போகிறவர்கள் ஊர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் எட்டு மணி நேர இடைவெளியைப் பார்த்தால் போதும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாதவிடாயைத் தள்ளிப்போட இப்படி எடுக்கும் நாரெதிஸ்டிரோன் கருத்தடை ஆகாது. தேனிலவுக்குப் போகும் புது மணப்பெண்கள் பலர் இதை எடுக்கிறார்கள், "மாத்திரைதான் எடுக்கிறோமே" என்று நம்பியும்விடுகிறார்கள். கருத்தரிப்பைத் தவிர்க்க ஆணுறை அல்லது வேறு ஏற்பாடு தனியாகத் தேவை. கருத்தரித்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே பரிசோதனை செய்துவிடுங்கள்.

ஏற்கெனவே கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால்

உங்களுக்குத்தான் வழி எளிது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரான் வகை ஹார்மோனும் சேர்ந்த கூட்டு மாத்திரையை 21 நாள் எடுத்து 7 நாள் இடைவெளி விடுவது வழக்கம். அந்த இடைவெளியில் வருவது இயற்கையான மாதவிடாய் அன்று. ஹார்மோன் நின்றதால் வரும் போக்கு. இடைவெளியை விட்டுவிட்டு அடுத்த அட்டையை மறுநாளே தொடங்கினால் அது வராது. 28 மாத்திரை அட்டை என்றால் கடைசியில் இருக்கும் மருந்தில்லா மாத்திரைகளைத் தவிர்த்துவிட்டு அடுத்த அட்டையின் மருந்துள்ள மாத்திரைக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் 1960-இல் முதல் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோதே மாதந்தோறும் போக்கு வரும்படிதான் அது வடிவமைக்கப்பட்டிருந்தது. அந்த மாதாந்தரப் போக்கால் உடல்நலத்துக்குத் தனி நன்மை எதுவும் இல்லை என்று பிரிட்டனில் 2019-இல் வெளியான மருத்துவ வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே இரண்டு அட்டைகளைத் தொடர்ந்து எடுப்பதில் தயங்க வேண்டியதில்லை. நடுவில் கொஞ்சம் கசிவு வரலாம், ஒரு மெல்லிய நாப்கின் கையில் இருக்கட்டும்.

இது அட்டையில் உள்ள மருந்துள்ள மாத்திரைகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கும் வகைக்குப் பொருந்தும். வாரத்துக்கு வாரம் அளவு மாறும் வகையில் (பெரும்பாலும் நிறமும் மாறும்) எந்த மாத்திரையிலிருந்து எதற்குத் தாவுவது என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். புரோஜெஸ்டிரான் வகை மட்டும் உள்ள, இடைவெளியின்றித் தினமும் எடுக்கும் மாத்திரையில் இந்த உத்தி செல்லாது. தள்ளிப்போட அதில் இடைவெளியே இல்லை.

இரண்டு மாதம் முன்பே யோசிப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. முந்தைய அட்டையைச் சில நாட்கள் நீட்டித்தால் இடைவெளி வாரமே நகர்ந்துவிடும். பயணத்துக்கு முந்தைய வாரத்தில் அதை முடித்துவிட்டு நிம்மதியாகப் புறப்படலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

கூட்டு மாத்திரை எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்றை எடுங்கள். கடுமையான வயிற்றுப்போக்கு ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அந்த நாட்களை மாத்திரை தவறிய நாட்களாகவே கொள்ள வேண்டும். கருத்தடைக்குத் துணை ஏற்பாடு தேவைப்படும்.

ஹார்மோன் கருப்பைச் சாதனமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் நாளடைவில் பலருக்கு மாதவிடாயைக் குறைக்கின்றன, சிலருக்கு நிறுத்தியே விடுகின்றன. ஆனால் முதல் சில மாதங்கள் எப்போது கசியும் என்றே சொல்ல முடியாது. அடுத்த மாதப் பயணத்துக்காக இவற்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பலிக்காத வழிகள்

எலுமிச்சைச் சாறு, வினிகர், குளிர்ந்த நீரில் குளியல், கடும் உடற்பயிற்சி: இவற்றால் தேதி தள்ளிப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவசரக் கருத்தடை மாத்திரையை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அது தேதியைக் கலைத்துவிடுமே தவிர, நீங்கள் விரும்பும் பக்கம் நகர்த்தாது. இப்யூபுரூஃபென் போன்ற வலிமாத்திரைகள் போக்கின் அளவை ஓரளவு குறைக்கும். மாதவிடாயைத் தள்ளிப்போடும் மருந்தாக அவற்றை நம்பக்கூடாது.

வரட்டும் என்று முடிவெடுத்தால்

இந்த முடிவுக்கும் முன்னேற்பாடு உண்டு. ஒரு மாதவிடாயில் மொத்தமாக வெளியேறும் ரத்தம் பொதுவாக 30 முதல் 40 மில்லிலிட்டர்தான். பார்வைக்கு அதிகமாகத் தெரியும். அதைப் பிடித்துவைக்கும் பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

பயணத்துக்கு மாதவிடாய்க் கப் (உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கும், மடியக்கூடிய சிறு கிண்ணம்) அளவுக்கு உதவும் பொருள் வேறில்லை என்பது என் கருத்து. பல கப்கள் 20 முதல் 30 மில்லிலிட்டர் வரை கொள்ளும், மிதமான போக்கு உள்ளவர்கள் 8 முதல் 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம், நீந்தலாம், தூக்கியெறியக் குப்பைத்தொட்டி தேட வேண்டியதில்லை. ஆனால் முதன்முறையாகப் பயணத்தில் முயன்று பார்க்கிற பொருள் அன்று அது. முந்தைய ஒரு மாதவிடாய் முழுவதும், முடிந்தால் இரண்டு, வீட்டில் பழகுங்கள். கையை நன்றாகக் கழுவுங்கள். கப்பின் விளிம்பை அழுத்தி மடித்துப் பிடியுங்கள். குந்தி உட்கார்ந்தோ ஒரு காலை உயரமாக வைத்தோ, நேர் மேலாகத் தள்ளாமல் முதுகின் அடியெலும்பை நோக்கிச் சாய்த்து உள்ளே செலுத்துங்கள். உள்ளே போனதும் அது விரிய வேண்டும். விரலால் அடிப்பகுதியைச் சுற்றித் தடவிப் பாருங்கள். மடிப்பு தட்டுப்பட்டால் மெதுவாகத் திருப்புங்கள். கசிவுக்கு முக்கியக் காரணம் அந்த மடிப்புதான். எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். அடிப்பகுதியை இரு விரலால் அழுத்தினால் பிடிப்பு விடும், பிறகு மெல்ல இறக்கலாம். கருப்பைக்குள் கருத்தடைச் சாதனம் வைத்திருப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும், முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொதுக் கழிவறையில் கப்பைக் காலி செய்ய ஒரு சிறிய தண்ணீர் பாட்டிலை உடன் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே போகும் முன் கையைக் கழுவிவிடுங்கள், காலி செய்ததும் பாட்டில் தண்ணீரால் அலசுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீராக இருக்கட்டும். தண்ணீரே இல்லாவிட்டால் சுத்தமான தாளால் துடைத்து வைத்துக்கொண்டு அடுத்த முறை கழுவலாம். மாதவிடாய் முடிந்ததும் கப்புடன் வந்த குறிப்பில் சொன்னபடி கொதிக்கும் நீரில் போட்டு எடுங்கள்.

உள்ளே வைத்து ரத்தத்தை உறிஞ்சும் சுருளான டாம்பானும் நீச்சலுக்கு ஏற்றது. 4 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். போக்குக்குத் தேவையான குறைந்த உறிஞ்சுதிறன் கொண்டதையே எடுங்கள். 1980 வாக்கில் அமெரிக்காவில் நச்சு அதிர்ச்சி நோய் (பாக்டீரியா நச்சால் திடீரென்று வரும் ஆபத்தான நோய்) பல பெண்களைத் தாக்கியதற்கு மிகு உறிஞ்சுதிறன் டாம்பான்கள் முக்கியக் காரணமாக இருந்தன. இப்போது அது மிக அரிது. ஆனாலும் டாம்பானோ கப்போ உள்ளே இருக்கும்போது திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், வெயிலில் கன்றியதுபோல் தோல் சிவத்தல் வந்தால் உடனே அதை எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், என்ன உள்ளே இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.

நாப்கினே பழக்கம் என்றால் அதுவும் நல்லதுதான், தண்ணீருக்குள் மட்டும் உதவாது. வெயிலில் நிறைய நடக்கும் நாளில் தொடை உரசிப் புண்ணாகும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஈரம் தங்க விடாதீர்கள். மாதவிடாய் உள்ளாடை இரவுப் பயணத்துக்கு அருமையான துணை. கப் கசிந்தாலும் அது காப்பாற்றும். பயன்படுத்தியவற்றைப் போட ஒளி ஊடுருவாத, காற்றுப் புகாத சிறு பைகள் இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். நாப்கினையும் டாம்பானையும் கழிப்பறைக்குள் போட்டு நீரூற்ற வேண்டாம், அடைத்துக்கொள்ளும்.

வலி விஷயத்தில் நேரம்தான் முக்கியம். கருப்பையைச் சுருங்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத்தான் இப்யூபுரூஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்றவை தடுக்கின்றன. வலி உச்சத்துக்குப் போன பிறகு எடுப்பதைவிட, முதல் அறிகுறி தெரிந்தவுடன் வயிற்றில் உணவு இருக்கும்போது எடுத்தால் நன்றாகக் கேட்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், வலிமாத்திரையால் மூச்சிரைப்பு வருபவர்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். முதல் நாள் வயிறு இளகிப் போவதற்கும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் காரணம். நீண்ட பஸ் பயணத்தை அந்த நாளில் வைக்காமல் இருக்க முடிந்தால் நல்லது. அடிவயிற்றில் வெந்நீர்ப் பையோ சூடு தரும் ஒட்டுத்துண்டோ வைப்பது பலருக்கு நல்ல நிவாரணம் தருகிறது.

அளவுக்கு மீறிய போக்கு உள்ளவர்களுக்கு அந்த நாட்களில் மட்டும் எடுக்க டிரானெக்ஸாமிக் அமிலத்தை மருத்துவர் தரக்கூடும். இது ஹார்மோன் அன்று, தேதியையும் மாற்றாது, போக்கின் அளவைக் குறைக்கும். ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு இதுவும் ஆகாது.

வழியில்

மாத்திரைகளையும் மாதவிடாய்ப் பொருட்களையும் கைப்பையில் வையுங்கள். பெட்டி தொலைந்தால் உடையை வாங்கிக்கொள்ளலாம், மூன்று வேளை மாத்திரையை அந்த நேரத்தில் தேட முடியாது. அசல் அட்டையிலேயே, மருந்துச் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். மாத்திரை எடுத்தாலும் ஒரு சுழற்சிக்கான பொருட்கள் கூடவே இருக்கட்டும். எந்த முறையும் நூறு சதவீதம் உறுதியில்லை.

நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போகும்போது அவ்வப்போது எழுந்து நடங்கள், முடியாவிட்டால் பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள், தண்ணீர் குடியுங்கள். ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது கட்டாயம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இதுவரை வந்திராத கடும் தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல்: இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தயவுசெய்து ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

திரும்பி வந்த பிறகு

நாரெதிஸ்டிரோனை நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் போக்கு வரும். சிலருக்கு வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருக்கலாம். அந்த முதல் நாளே உங்கள் புதிய சுழற்சியின் முதல் நாள், அடுத்த கணக்கு அதிலிருந்து. ஒரு வாரம் ஆகியும் வரவில்லை என்றால் கருத்தரிப்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இல்லை என்று வந்தால் மருத்துவரைப் பாருங்கள். மீதியான மாத்திரைகளை அடுத்த பயணத்துக்கென்று பத்திரப்படுத்தாதீர்கள், கேட்கிறவருக்கும் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு பயணத்துக்கும், ஒவ்வொரு விசேஷத்துக்கும் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது, மாதவிடாய் என்றாலே பயமாக இருக்கிறது என்றால் பிரச்சினை பயணத்தில் இல்லை. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கொருமுறை மாற்ற வேண்டிய போக்கு, பெரிய பெரிய கட்டிகள், ஏழு நாளுக்கு மேல் நீளும் ரத்தம், வேலைக்கோ படிப்புக்கோ போக முடியாத வலி ஆகியவற்றைத் தாங்கிக்கொண்டே வாழ வேண்டியதில்லை. பின்னால் கருப்பையில் நார்த்திசுக்கட்டியோ, எண்டோமெட்ரியோசிஸோ (கருப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய்), ரத்தம் உறைவதில் ஏதேனும் குறையோ இருக்கலாம். இவற்றைக் கண்டறிய வழி இருக்கிறது, குறைக்கவும் வழி இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் தள்ளிப்போடும் மாத்திரையைக் கேட்கும்போது, ஏன் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.